குழாய்க்குள் ஒரு கட்டிங்

1908, மான்செஸ்டர். அந்த வருஷக் கடைசியில் நோபல் வாங்கப்போகிற ரூதர்ஃபோர்டுக்கு ஆல்ஃபா துகள்களை எண்ண வேண்டும். எப்படி? இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, துத்தநாக சல்ஃபைடு திரையில் மினுக்கும் பொட்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று... மாமேதை இரண்டே நிமிஷம் தாக்குப்பிடித்தார். கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் புறம் பேசவில்லை, நண்பருக்கு அவரே எழுதிய கடிதத்தில் இருக்கிறது!

கூட இருந்த ஹான்ஸ் கைகரோ ராத்திரி முழுக்க எண்ணக்கூடிய ஆசாமி. அப்படிப்பட்ட பொறுமைசாலியும் சேர்ந்துதான், எண்ணுகிற வேலையை மெஷின் தலையில் கட்டினார்.

1928-இல் கீல் நகரில் அதைப் பக்காவாக்கியவர் கைகரின் மாணவர் வால்டர் முல்லர். ஆனால் ஜனங்கள் வாயில் 'கைகர் கவுன்ட்டர்' மட்டும்தான். பிஎச்டி மாணவர்களே, பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

உலோகக் குழாய், நடுவில் மெல்லிய கம்பி, உள்ளே வாயு, உச்ச வோல்டேஜ். துகள் நுழைந்தால் மின்சாரம் பாயும், 'டிக்' என்று ஒரு சத்தம். சிக்கல் அதற்கப்புறம். நேர் அயனிகள் சுவரில் போய் மோதி எலக்ட்ரானைக் கிளப்பிவிட, திரும்பவும் டிக். வந்தது ஒரே விருந்தாளி, குழாயோ 'வந்தாச்சு, வந்தாச்சு' என்று ஊரைக் கூட்டும்.

1937-இல் ட்ரோஸ்ட் என்ற ஜெர்மானியர் வாயுவோடு கொஞ்சம் ஆல்கஹால் ஆவியைக் கலந்தார். பிற்பாடு வழக்கமான கலவை, ஏறக்குறைய ஒன்பது பங்கு ஆர்கானுக்கு ஒரு பங்கு சரக்கு. ஆர்கான் அயனி தன் மின்சுமையை ஆல்கஹால் மூலக்கூறிடம் தள்ளிவிடும். அது சுவரில் மோதி, எலக்ட்ரானைக் கிளப்பாமல் தானே உடைந்துபோகும். குழாய் கப்சிப்! உள்ளே போனதும் ரகளை அடங்கியது, சரக்கின் சரித்திரத்திலேயே இங்கேதான் இருக்கும்.

ஆனால் உடைந்த ஆல்கஹால் ஒட்டாது. நூறு கோடி டிக் வாக்கில் ஸ்டாக் காலி, குழாய்க்குச் சங்கு. 1947-இல் அமெரிக்காவில் சிட்னி லீப்சன் ஆல்கஹாலுக்குப் பதில் ஹாலஜனைப் போட்டார். அது உடைந்தாலும் மறுபடி கூடிக்கொள்ளும், சில நூறு வோல்ட்டிலேயே வேலையும் செய்யும்.

பிறகு செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் சார்பக் குழு, துகள் பிடிக்கும் 'கம்பி அறை' என்ற தங்கள் கருவிக்காக 'மேஜிக் கேஸ்' என்றே ஒன்றைக் கலக்கியது. ஆகா, என்ன மாயமோ என்று பார்த்தால் ஆர்கான், சிகரெட் லைட்டரில் இருக்கிற ஐசோபியூட்டேன், துளியூண்டு ஃப்ரியான். கம்பியில் பிசுக்குப் படியவே, அதைத் தடுக்க மெத்திலால் வேறு.

கம்பி அறைக்காக சார்பக்குக்கு 1992-இல் நோபல் கிடைத்தது. ராத்திரி முழுக்க எண்ணிய கைகருக்கும் கிடைக்கவில்லை, சரக்கை ஊற்றிய ட்ரோஸ்டுக்கும் கிடைக்கவில்லை.