சீட்டு எடுத்துப் பார்க்கும் துறைக்கு ஒரு மனு

அனுப்புநர்: மனு எழுதுபவன், புளியமரத்தடி, ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே, கள்ளக்குறிச்சி.

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: குண்டர் சட்டத்தை எல்லோருக்கும் விரிவுபடுத்தக் கோருதல் - தொடர்பாக.

பார்வை: 1) 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14. 2) எங்கள் டீக்கடையில் அன்றாடம் நடக்கும் விசாரணை.

ஐயா,

முதலில் தங்கள் துறையின் பெயருக்கே ஒரு கும்பிடு. போலீஸும் உங்களிடம், மதுவிலக்கும் உங்களிடம், டாஸ்மாக்கும் உங்களிடம். எங்கள் பக்கம் ஒரே ஆள் சாராயக் கடையும் வைத்து, குடிக்காதே என்று பஜனையும் நடத்தி, குடித்துவிட்டு வந்தவனைத் தூணில் கட்டி உதைக்கவும் செய்தால் அவரை ஊர்ப் பெரியவர் என்போம். அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

நான் மனு எழுதிப் பிழைக்கிறவன். 2019 நவம்பர் 26-இல் மாவட்டம் பிறக்கும்வரை தாலுகா ஆபீஸ் வாசல், பிறந்த பிறகு கலெக்டர் ஆபீஸ் வாசல். பட்டா மாறுதல், முதியோர் பணம், சாதிச் சான்றிதழ் என்று ஒரு மனுவுக்கு ஐம்பது ரூபாய். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு முப்பது. பஸ் காசே அவர்களுக்குப் பெரிது.

கொஞ்ச வருஷமாக ஒரு மாற்றம். யார் வந்து எதிரே குந்தினாலும் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்கள். "அவன் மேல குண்டாஸ் போடணும்னு எழுதுங்க." வரப்பை வெட்டிய பங்காளி மேல் குண்டாஸ். சீட்டுப் பணத்தைச் சுருட்டியவன் மேல் குண்டாஸ். ஒரு பாட்டி, மருமகள் மேலேயே போடச் சொன்னார். "ஆயா, அதுக்கு கலெக்டர் கையெழுத்து வேணும்" என்றேன். "அதான் உள்ள இருக்காரே, போய் வாங்கு" என்றார்.

ஆகவே என் முதல் கோரிக்கை: மக்கள் கேட்கிறார்கள், கொடுத்துவிடுங்கள். அந்தச் சட்டத்தின் முழுப் பெயரை ஒரு தடவை எழுதிப் பார்த்தேன், பேனா மை தீர்ந்தது. கள்ளச்சாராயக்காரர், இணையக் குற்றவாளி, போதைப்பொருள் குற்றவாளி, வனக் குற்றவாளி, குண்டர், விபசாரத் தொழில் நடத்துபவர், மணல் கொள்ளையர், பாலியல் குற்றவாளி, குடிசை நிலம் பறிப்பவர், கடைசியில் திருட்டு வீடியோக்காரர். பத்துப் பேர். ஏன் இந்த வரிசை என்று ஒரு வக்கீல் தம்பியிடம் கேட்டேன். "ஆங்கிலத்தில் படித்துப் பாருங்கண்ணே, ஏ பி சி டி வரிசை" என்றார். பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் மாதிரி. அரசாங்கம் மாற மாற ஒரு பிள்ளை கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. பதினோராவதாக 'மற்றும் பலர்' என்று ஒரே வரி சேர்த்துவிட்டால் சட்டசபைக்கும் நேரம் மிச்சம்.

அட்டெண்டன்ஸில் முதல் பெயர் கள்ளச்சாராயக்காரர் என்பதைக் கவனித்தீர்களா ஐயா? 1982 முதல் அவர்தான் முதல் பெஞ்ச். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, 2024 ஜூன் 18-ஆம் தேதி, கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூப்பிடு தூரத்தில், கருணாபுரத்தில், சாராயப் பாக்கெட் விற்றது. மெத்தனால். 65-க்கும் மேல் செத்தார்கள். தெருவில் பந்தல் போட இடமில்லாமல் ஒரு பந்தலுக்கும் அடுத்த பந்தலுக்கும் ஒரே கொம்பு நட்டார்கள். அப்புறம் எல்லாம் மடமடவென்று நடந்தது. கலெக்டருக்கு இடமாற்றம், எஸ்.பி.க்கு சஸ்பென்ஷன், செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம், பத்தே நாளில் சட்டத் திருத்தம், சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை. கேஸ் பிறகு சி.பி.ஐ.க்குப் போனது. அந்த வாரங்களில் நான் எழுதிய மனுக்களில் 'குண்டாஸ்' என்ற சொல்லை எத்தனை தடவை எழுதினேன் என்று கணக்கில்லை. முழு மனதோடுதான் எழுதினேன். சாகக் கிடக்கிறவனின் பெண்டாட்டி எதிரே உட்கார்ந்து, அவருக்குக் கண்ணு தெரியலையாம் என்று சொல்லும்போது, மனித உரிமை பற்றி அவளுக்கு வகுப்பெடுக்க யாருக்கு நாக்கு வரும்?

அந்தத் தெருவில் பதினாறாம் நாள் காரியம் நடந்த வாரம்தான் சென்னை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டினார்கள். ஜூலை 5. மூன்றே நாளில் சென்னைக்குப் புதுக் கமிஷனர் வந்தார். ரவுடிகளுக்குப் புரிகிற பாஷையில் பாடம் எடுப்போம் என்றார். ஜூலை 14 விடியற்காலை முதல் பாடம். பிடிபட்டவரை ஆயுதத்தைக் காட்டச் சொல்லிக் கூட்டிப் போனார்கள். அவர் ஒளித்துவைத்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். போலீஸ் தற்காப்புக்குத் திருப்பிச் சுட்டது. போலீஸ் சொன்ன கதை இவ்வளவுதான். செப்டம்பரில் இன்னும் இரண்டு பேர். அந்த முதல் பாடத்தன்று எங்கள் டீக்கடையில் கல்யாண வீட்டுக் களை. "கோர்ட்டு கேஸுன்னு இழுத்தா இவனுங்க எம்.எல்.ஏ. ஆயிடுவானுங்க. போட்டதுதான் கரெக்டு" என்றார் பஸ் டிரைவர். நானும் தலையாட்டினேன். யாரைப் போட்டார்கள் என்று மாஸ்டர் கேட்டார். எங்கள் ஒருவருக்கும் பேர் தெரியவில்லை. சர்க்கரை தூக்கலாக இன்னொரு டீ சொன்னோம்.

எங்களைத் தப்பாக நினைக்காதீர்கள். கத்தியோடு பைக்கில் மூன்று பேர் வந்து மாமூல் கேட்கும்போது கடைக்காரருக்கு அடிவயிறு கலங்குவது நிஜம். அவர்கள் ஜாமீனில் வந்து அதே கடை வாசலில் அதே பைக்கை நிறுத்துவதும் நிஜம். பயந்தவன்தான் கைதட்டுகிறான். ஐதராபாத்தில் 2019 டிசம்பரில் பெண் டாக்டரைக் கொன்றதாகச் சொல்லி நான்கு பேரைச் சுட்டபோது போலீஸ் மேல் பூ கொட்டினார்களே, அவர்களும் பயந்தவர்கள்தான். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் 2022-இல் அறிக்கை கொடுத்தது: கொல்ல வேண்டும் என்றே சுட்டிருக்கிறார்கள், நால்வரில் மூவர் பதினெட்டு நிரம்பாதவர்கள். அதற்குள் பூ வாடிவிட்டது.

எங்கள் டீக்கடையில் ஒருவர் மட்டும் இந்தப் பேச்சு வந்தால் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். கனியாமூர்க்காரர். 2022 ஜூலை 17 அவர் வீட்டுக்குள்ளும் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பெண் செத்துப்போன ஆத்திரம், கூட்டம் கூடியது, பஸ்கள் எரிந்தன, பிள்ளைகளின் சர்டிபிகேட் எரிந்தது, பெஞ்சையும் மின்விசிறியையும் தலையில் தூக்கிப் போனார்கள். தூக்கிப் போனதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பிறகு ஊரில் தண்டோரா போட்டார்கள். விடிந்து பார்த்தால் ரோட்டோரம் பெஞ்சுகள் தானாக வந்து நின்றிருந்தன. 300 பேருக்கு மேல் கைது. சிலருக்குக் குண்டாஸ். அப்போதும் நாங்கள் கைதட்டினோம். இவர் பையன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றவன், அடுத்தவன் எடுத்த வீடியோவில் விழுந்துவிட்டான். பெஞ்சுகள் திரும்பி வந்துவிட்டன. அவன் வெளிநாட்டு வேலைக்குக் கேட்ட போலீஸ் சான்றிதழ் மட்டும் இன்னும் வரவில்லை.

இரண்டாவது கோரிக்கை சின்னது. காவல் நிலையக் கழிப்பறைகளுக்கு வழுக்காத டைல்ஸ். ஊரில் எந்த ரவுடி பிடிபட்டாலும் அன்றே வழுக்கி விழுகிறான். வலது கை, இடது கால், அளவெடுத்த மாதிரி மாவுக்கட்டு. கட்டோடு எடுத்த படம் பாட்டுப் போட்டு வாட்ஸ்அப்பில் வருகிறது. கைதானவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று 2025-இல் உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. அதே டைல்ஸ்தானே ஏட்டய்யாவுக்கும்? அவருக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது என்ற கவலையில் சொல்கிறேன். அதே 2025 ஜூனில் திருப்புவனத்தில் ஒரு கோயில் காவலாளியை நகை திருட்டு என்று போலீஸார் விசாரித்து அடித்தே கொன்றார்கள். அன்று எங்கள் டீக்கடை கொதித்தது. மாவுக்கட்டுப் படத்துக்குச் சிரித்த அதே ஆட்கள், அதே பெஞ்சு.

இனி என் அண்டைக் கடையைப் பற்றி. எனக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு ஜோசியர். கிளி வைத்திருந்தார். 2024 ஏப்ரலில் பக்கத்துக் கடலூரில், வேட்பாளர் தங்கர் பச்சான் ஜெயிப்பார் என்று சீட்டு எடுத்துக் கொடுத்த கிளி ஜோசியரை வனத்துறை பிடித்துப் போனது தாங்கள் அறிந்ததே. தேர்தலில் அந்தச் சீட்டும் பொய்த்தது. சேதி கேட்ட அன்றே எங்கள் ஜோசியர் கூண்டைத் திறந்துவிட்டார். இப்போது சோழி போடுகிறார். அவர் என்னிடம் கேட்ட கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை: "நாளைக்கு நடக்கப் போறத நான் சொன்னா குத்தம். கவர்மெண்டு சொன்னா ஆர்டரா?"

ஏனென்றால் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மாதிரி ஒரு ஆர்டரை நான் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பாலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மஞ்சள் பை. பைக்குள் தலையணை கனத்துக்கு ஒரு ஜெராக்ஸ் கட்டு. அவர் வீட்டுக்காரர் மேல் போட்ட குண்டாஸ் புத்தகம். கடலூர் ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போனபோது உள்ளேயிருந்து கொடுத்தனுப்பியிருக்கிறார். ஜெயில் இருக்கும் இடத்துக்குப் பேர் கேப்பர் மலை. மலையிலிருந்து மலைக்கு மாற்றம் என்று ஒரு ஜோக் தோன்றியது, சொல்லவில்லை. "என்னா பண்ணாருன்னு எழுதியிருக்குன்னு படிங்கய்யா" என்றார்.

படித்தேன். ஊறலுக்கு வெல்ல மூட்டை சுமந்தார். பேரலுக்குச் சொந்தக்காரர் பெயர் எங்கும் இல்லை, சுமந்தவர் பெயர் பக்கத்துக்குப் பக்கம். அதற்கு வழக்கு இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. இந்தப் புத்தகம் அதற்கல்ல. அவர் ஜாமீனில் வெளியே வர வாய்ப்பு இருக்கிறது, வந்தால் மறுபடியும் செய்வார், செய்தால் பொது ஒழுங்கு கெடும். ஆகவே ஒரு வருஷம் உள்ளே. "வந்தா செய்வாருன்னு யாரு பாத்தாங்க?" என்றார் அந்த அம்மா. அப்போதுதான் ஜோசியர் சோழியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

வழி இருக்கிறது என்று சொன்னேன். அறிவுரைக் கழகம் விசாரிக்கும், அங்கே வக்கீல் கூடாது. உங்கள் துறைக்கு மனு போடலாம். ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம், ஜெராக்ஸ் தெளிவில்லை, தமிழாக்கம் தரவில்லை என்றுகூட அங்கே ஆர்டரை ரத்து செய்கிறார்கள். அது ஆவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஓடிய மாதங்களை யாரும் திருப்பிக் கொடுக்கத் தண்டோரா போடுவதில்லை. 2017-இல் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவி வளர்மதியும் இப்படித்தான் 'குண்டர்' ஆகி, கோர்ட்டு ரத்து செய்து வெளியே வந்தார். 2024-இல் யூடியூபில் பேசுகிற சவுக்கு சங்கருக்கு ஒரு ஆர்டரைக் கோர்ட் ரத்து செய்த வேகத்தில் இன்னொன்று போட்டார்கள். அவர்களைப் பற்றிப் பேப்பரில் வந்தது. வெல்ல மூட்டைக்கு யார் எழுதுவார்கள்?

சீட்டு எடுக்கும்போது உங்கள் கிளிக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது ஐயா. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் போனார்கள். 18 பெண்களைக் கெடுத்தார்கள், ஊரைச் சூறையாடினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு 2011-இல், ஹைகோர்ட் உறுதி செய்தது 2023-இல். தீர்ப்புக்கே பத்தொன்பது வருஷம் ஆனது. வந்தால் மறுபடியும் செய்வார்கள் என்று ஒருவருக்காவது சீட்டு விழுந்ததாக நான் படித்ததில்லை. செம்மரம் வெட்டப் போன எங்கள் மலைச் சாதிக்காரர்களுக்கு மட்டும் சீட்டு எந்த மாநிலத்திலும் தவறாமல் விழுகிறது. 2015 ஏப்ரல் 7, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் பிணமாகக் கிடந்தார்கள். மரத்தை வாங்கியவர்கள் அந்தக் காட்டில் இல்லை.

ஆகவே சமூகம் ஐயா அவர்கள் மனது வைத்து மேற்படி சட்டத்தை விரிவுபடுத்தும்போது கைதட்டுகிறவர்களையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதலாம். எழுத ஆள் வேண்டுமென்றாலும் நான் இருக்கிறேன், ஐம்பது ரூபாய்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனு எழுதுபவன்

இணைப்பு: மேற்படி புத்தகத்தின் 214-ஆம் பக்கம், ஜெராக்ஸ், ஒன்று. முழுக்கக் கறுப்பாக இருக்கிறது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததில் 'மேற்படி நபர்' என்பது மட்டும் தெரிகிறது. அசல் தங்களிடம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிவித்தால் அந்த அம்மாவிடம் படித்துக் காட்டுவேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.