குடும்பத்தோடு குப்பைச் சேவை

ஸ்ரீமதுரைப் பக்கம், முதுமலைக் காட்டோரச் சாலையில் குடும்பத்தோடு குப்பை பொறுக்குவது நல்ல சேவைதான். அம்மா கையுறை மாட்டிவிடுவார், அப்பா கேமராவுக்குக் கோணம் பார்ப்பார். மாநிலம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019-இலேயே தடை. பேனர் மட்டும் ஃப்ளெக்ஸ். மான் வயிற்றுக்குப் போகவிருந்த சிப்ஸ் கவரைச் சிறுமி ஒருத்தி நிஜமாகவே குனிந்து எடுத்துவிட்டாள்.

“பாப்பா, அதைத் திரும்பப் போடும்மா, போட்டோ சரியா விழலை” என்றார் மாமா.

போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அவள் ஞாபகப்படுத்த, பெரியவர்கள் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அமுக்கிக் கட்டினார்கள். திங்கட்கிழமை அதை அவிழ்த்துப் பிரித்தவர் ஊராட்சித் தூய்மைக் காவலர். அவருக்குச் சான்றிதழ் கிடையாது, சம்பளம் வாங்குகிறாராமே!