சிங்கிள் ஓனர் சார்

சிங்கிள் ஓனர் சார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியாகவோ மின்வாரியப் பொறியாளராகவோ இருப்பார். போர்ட்டிகோவில் உறை போர்த்திய வெள்ளை சான்ட்ரோ நிற்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் தயாரிக்கத் தொடங்கிய கார். சார் வைத்திருக்கும் மாடல் நின்றே பல வருடம் ஆகிறது. ஆனாலும் சீட்டின் பிளாஸ்டிக் உறையை அவர் இன்னும் பிரிக்கவில்லை.

இப்போது 15 ஆண்டு முடிகிறது. 600 ரூபாயாக இருந்த பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. மேலே பசுமை வரி வேறு. “விக்கணும்னு அவசியமில்ல, நல்ல ஆள் வந்தா கொடுக்கலாம்” என்பார். நல்ல ஆள் என்றால் சிகரெட் பிடிக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, கிளட்ச்சில் கால் வைத்தபடியே ஓட்டக் கூடாது. அவருடைய சொந்த மருமகனே இதில் தேறமாட்டார்.

போனில் வருகிறவர்கள் பெயர் சொல்வதற்கு முன்பே “லாஸ்ட் ப்ரைஸ் என்ன சார்?” என்பார்கள். பாதிப்பேர் ஆட்டோ கன்சல்டிங் ஆட்கள். “ஃபேமிலி யூஸுக்குத்தான்” என்று சத்தியம் செய்வார்கள். நேரில் வந்ததும் கதவு பீடிங்கைப் பிரித்து உள்ளே டிங்கரிங் வேலை நடந்திருக்கிறதா என்று பார்க்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

நிஜமாகவே குடும்பத்துக்கு வாங்க வருகிறவர் தன்னோடு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவருவார். சாருக்கு அன்றைக்குத்தான் சோதனை. மெக்கானிக் பேசவே மாட்டார். டிப்ஸ்டிக்கை உருவி, ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்து “ம்” என்பார். அந்த “ம்” ஒன்றுக்கே ஐயாயிரம் குறையும்.

“டயரைப் பாருங்க தம்பி, பட்டன்கூடத் தேயல” என்று சார் பெருமையோடு காட்டுவார். மெக்கானிக் குனிந்து டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படிப்பார். 1416.

“2016ல 14வது வாரம் செஞ்சது சார். ஓடலைன்னாலும் ரப்பர் இறுகிடும். நாலையும் மாத்தணும்.”

பேட்டரியும் ஓடாததால் இறங்கியிருக்கும். பானெட்டுக்குள் எலி ஒரு ஒயரைக் கடித்திருக்கும். தேயாமல் இருக்கட்டும் என்று ஓட்டாமல் வைத்ததற்கெல்லாம் விலை குறைகிறதே என்று சார் நொந்துபோவார். உள்ளேயிருந்து வீட்டம்மாவின் குரல்: “கொடுத்துத் தொலைங்களேன்!”

பேரம் கடைசி இரண்டாயிரத்தில் வந்து நிற்கும். அதற்காக முக்கால் மணி நேரம். பெட்ரோல் பில், சர்வீஸ் பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஃபைல் போட்டவர் என்ன செய்கிறார் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். ராகு காலம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்.

“29, 30 ஃபாரத்துல தேதி போடாம கையெழுத்து மட்டும் போடுங்க சார். நேம் டிரான்ஸ்ஃபர் நாங்க பார்த்துக்குறோம்.”

போட்டுவிடுவார்! டேஷ்போர்டுப் பிள்ளையாரை மட்டும் கவனமாகப் பெயர்த்தெடுப்பார். விபத்தே இல்லாமல் ஓட்டியதால் சேர்ந்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியதல்ல, தனக்கு உரியது, அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம் என்பது அவர் நினைவுக்கே வராது.

அடுத்த வாரம் ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கும். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி. “பரவாயில்லையே, நல்ல வேகத்துலதான் போறான்” என்று சார் மகிழ்வார். காசு யார் கணக்கிலிருந்து போகிறது என்று அம்மா கேட்கிறவரைக்கும் அந்த மகிழ்ச்சி நீடிக்கும். கார் போய்விட்டது, ஆர்.சி.யில் அவர்தான் இன்னும் சிங்கிள் ஓனர்.

விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு. பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. உங்கள் வீட்டிலும் இப்படியொரு சார் இருந்தால், ஃபாஸ்டேக்கை இன்றே மூடச் சொல்லுங்கள், நாளைக்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.