மரக்கால் தலையணை

திருப்பதி டவுனில், ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜப் பெருமாளின் தலைக்கடியில் இருப்பது பட்டுத் திண்டு அன்று, மரக்கால் என்று சொல்வார்கள். தம்பி வேங்கடேசன் தம் கல்யாணத்துக்காகக் குபேரனிடம் வாங்கிய கடனை அடைப்பதற்கு, மலைமேல் வந்து குவிகிற காணிக்கையை அளந்து அளந்து போட்டுக் கை ஓய்ந்துபோன தமையனார், அளந்த மரக்காலையே தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். இந்தக் கதையைப் பால்யத்திலிருந்து எத்தனையோ தடவை நான் கேட்டிருக்கிறேன். ஆனால், கணக்குப் பார்ப்பது என்பது தெய்வத்தையே படுக்கவைத்துவிடக்கூடிய காரியம் என்கிற அதன் தாத்பரியம், 2023-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில், பைராகிப்பட்டெடப் பகுதியில் நானும் ஒரு கணித ஆசிரியரும் சேர்ந்து குடியிருந்த இரண்டு அறை வீட்டைக் காலி செய்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

எனக்குச் சொந்த ஊர் சித்தூர். உத்தியோகம் திருப்பதியில் வாய்த்தபடியால், குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறி எழுபது கிலோமீட்டர் வந்து, சனிக்கிழமை மத்தியானம் திரும்பிப் போகிற அரைச் சம்சாரியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். என்னோடு வாடகையைப் பங்குபோட்டுக்கொண்ட ஆசிரியர் மதனப்பள்ளிக்காரர், பிரம்மசாரி, பரம சாது. தெலுங்குதான் அவர் பாஷை என்றாலும், எங்கள் பக்கத்து வழக்கப்படி தமிழும் சரளமாகப் பேசுவார். எந்தப் பாஷையில் பேசினாலும் கூட்டல் கழித்தல் மட்டும் பிசகாது. அவர் என்னை ‘அண்ணா’ என்பார். நான் அவரை ‘மாஸ்டாரு’ என்பேன். பால், தண்ணீர்க் கேன், கரண்ட் பில், வாசல் பெருக்குகிற அம்மாளுக்குக் கொடுக்கிற ஐம்பது ரூபாய் எல்லாவற்றையும் தேவஸ்தானத்துக் காலண்டரின் பின்புறத்தில் பென்சிலால் குறித்துவைத்து, மாதக் கடைசியில் சரிபாதியாக வகுத்துக்கொள்வோம். இரண்டு வருஷ காலம் இந்த ஏற்பாட்டில் ஒரு சிறு மனஸ்தாபம்கூட நேர்ந்ததில்லை. சேர்ந்திருக்கிற வரையில் கணக்கு என்பது வெறும் பென்சில் எழுத்துத்தானே!

எனக்குச் சித்தூருக்கே மாற்றல் வந்தது. மாஸ்டருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆகவே வீட்டைக் காலி செய்வதென்று சந்தோஷமாகத் தீர்மானித்தோம். எங்கள் சீமைக்குப் பாகப்பிரிவினை ஒன்றும் புதிதன்று. 1911-ல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி எங்கள் ஜில்லாவை உண்டாக்கினார்கள். 1953-ல் சென்னை ராஜ்யத்தை விட்டு ஆந்திரத்தோடு தனிக்குடித்தனம் போனோம். 1960-ல் திருத்தணி எங்களை விட்டுத் தாய்வீடு திரும்பியது. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதி தனி ஜில்லாவாகிவிட, மாஸ்டரின் மதனப்பள்ளி அன்னமய்யா ஜில்லாவில் சேர்ந்துவிட, சித்தூர் தன் வாசல் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. இத்தனை பிரிவினைகளைப் பார்த்த மண்ணில் பிறந்த எங்களுக்கு, ஒரு கரண்ட் பில்லைப் பிரிப்பது பிரமாதமா என்று நினைத்தேன். அங்கேதான் நான் மாஸ்டரின் வித்வத்தைக் குறைவாக எடைபோட்டுவிட்டேன்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற சங்கடம், ஆந்திரத்தில் மாதந்தோறும் வரும். இடுப்பில் சிறிய மெஷினை மாட்டிக்கொண்டு வந்த பையன், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற மீட்டரை எட்டிப் பார்த்து, பஸ் டிக்கெட்டைப் போல் நீளமாக ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான். 340 யூனிட். சாமான்களெல்லாம் சாக்கில் கட்டிக் கிடக்க, நாற்காலிகூட வண்டி ஏறிவிட்ட அந்தக் கூடத்தில், நாங்கள் இருவரும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தோம்.

“பாதிப் பாதி” என்றேன் நான், பழைய ஞாபகத்தில்.

“இருங்க அண்ணா, லெக்க லெக்கே” என்றார் மாஸ்டர், கணக்கு கணக்குத்தானாம். காலண்டரைத் திருப்பி, கோடு போட ஆரம்பித்தார்.

அவருடைய வாதத்தைச் சொல்வதற்கு முன்னால், எங்கள் ஊர் மின்சாரத்தின் விலை படிக்கட்டுப்போல் ஏறுகிறது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். முதல் 30 யூனிட்டுக்கு 1 ரூபாய் 90 காசு. அப்புறம் 75 வரையில் 3 ரூபாய். 125 வரையில் 4 ரூபாய் 50 காசு. 225 வரையில் 6 ரூபாய். அதைத் தாண்டினால் 400 வரையில் 8 ரூபாய் 75 காசு. ஆக, 340 யூனிட்டுக்கு மின்சாரத்தின் கிரயம் மட்டும் 2,023 ரூபாய் 25 காசு. இதில், 225 யூனிட் வரையில் நாங்கள் இருவரும் சமமாக அனுபவித்தோம் என்றும், அதற்கு மேற்பட்ட 115 யூனிட்டும் என் அறையில் மட்டும் இருக்கிற ஏ.சி. தின்றது என்றும், ஆகவே அந்த 1,006 ரூபாய் 25 காசு முழுதும் என்னையே சேரும் என்றும் மாஸ்டர் சித்தாந்தம் செய்தார். என் கட்சி என்னவென்றால், மின்சாரம் கம்பிக்குள் வரிசையில் நின்று டோக்கன் வாங்கிக்கொண்டு வருவதில்லை. மலிவான மின்சாரம் மாஸ்டரின் மின்விசிறிக்கும், விலையுயர்ந்த மின்சாரம் என் ஏ.சி.க்கும் போயிற்று என்று மீட்டர் வந்து சாட்சி சொல்லாது; அப்படியே ஏ.சி.தான் முதலில் ஓடிற்று, மாஸ்டர் போடுகிற கீஸர்தான் கடைசியில் ஓடிற்று என்று நான் வைத்துக்கொண்டால் அதை மறுப்பதற்கு அவரிடம் என்ன பிரமாணம் இருக்கிறது என்பதாகும். முன்பு கோழியா முட்டையா என்று தர்க்கித்தவர்களைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. இப்போது அந்த மகான்களிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் இருவருக்கும் இடையில் நின்ற தொகை 503 ரூபாய் 12 காசு.

அந்தச் சீட்டின் அடியில் இன்னொரு வரி இருந்தது. 2014 முதல் 2019 வரையில் ஜனங்கள் எரித்த மின்சாரத்துக்கு அப்போது வசூலித்தது போதவில்லை என்று பின்னால் கணக்குப் பார்த்துத் தெரியவந்தபடியால், ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதியோடு, அந்தப் பற்றாக்குறையை 2022 ஆகஸ்டு முதல் யூனிட்டுக்கு இருபத்துச் சொச்சம் பைசா வீதம் 36 தவணையாக வசூலித்துக்கொண்டிருந்தார்கள். 2014-ல் மாஸ்டர் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தார். நான் சித்தூரில் இருந்தேன். அந்த வீட்டில் அப்போது எந்தப் புண்ணியவான் குடியிருந்தானோ, விளக்கை அணைக்காமல் தூங்கினானோ, தெரியாது. அவனுடைய பாக்கியை நாங்கள் கட்டினோம். ஆச்சரியம் என்னவென்றால், முகம் தெரியாத அந்த மனுஷ்யனுடைய கடனை நாங்கள் ஒரு வார்த்தை பேசாமல் சரிபாதியாக ஏற்றுக்கொண்டோம். இரண்டு வருஷம் ஒரே பால் பாக்கெட்டில் காபி குடித்தவர்களுடைய 115 யூனிட்டில்தான் எங்களுக்கு நியாயம் தேவைப்பட்டது.

அடுத்தது காஸ் சிலிண்டர். கனெக்‌ஷன் என் பெயரில்; ஆனால் கடைசியாக வாங்கிய சிலிண்டருக்குப் பணம் இருவருடையது. ஆகவே உள்ளே மிச்சமிருக்கிற காஸில் தமக்குப் பாதி உண்டு என்றார் மாஸ்டர். “ஒரு சொம்பில் பிடித்துக்கொண்டு போங்களேன்” என்று நான் பரிகாசமாகச் சொன்னதை அவர் பரிகாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலிண்டரைத் தெருமுனையில் இருக்கிற பழைய பேப்பர்க் கடைக்கு உருட்டிக்கொண்டு போனோம். கடைக்காரர், யாரோ போட்டிருந்த தினசரிக் கட்டை இறக்கிவிட்டு, எங்கள் சிலிண்டரைத் தராசுப் பலகையில் ஏற்றினார். 21 கிலோ 500 கிராம். மாஸ்டர் குனிந்து, கழுத்து வளையத்தில் பொறித்திருந்த காலி எடையைத் துரு சுரண்டிப் படித்தார்: 15.9. உள்ளே இருப்பது 5 கிலோ 600 கிராம். அவர் பங்கு 2 கிலோ 800 கிராம். சிலிண்டரின் விலையைப் பெருந்தன்மையோடு 1,100 ரூபாய் என்று வட்டமாக்கி, அதை 14.2-ஆல் வகுத்து, 217 ரூபாய் என்று அங்கேயே சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. எடை போட்டதற்குப் பத்து ரூபாய் கேட்டார். அதைப் பாதிப் பாதி கொடுத்தோம்.

அன்று விஷயம் முடியவில்லை. கடைசி பில் இன்னொன்று பாக்கி இருக்கலாம் என்று வீட்டுக்காரர் அட்வான்ஸில் ஒரு பகுதியை நிறுத்திவைத்துக்கொண்டார். அதைச் சாக்காக வைத்து நானும், “அட்வான்ஸ் வரட்டும், மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். ஜூன் போயிற்று. ஜூலையில் மாஸ்டரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. அதில் என் பாக்கியோடு ‘தாமதக் கட்டணம் 10 ரூபாய்’ என்று ஒரு வரி அதிகமாக இருந்தது. கீழே, முன்னுதாரணம் காட்டுவதுபோல், ஒரு பத்திரிகைச் செய்தியின் படமும் இருந்தது.

அந்த முன்னுதாரணம் லேசானதன்று. 2014 ஜூன் 2-ஆம் தேதி தெலங்கானா தனி வீடு போன பிறகும், 2017 ஜூன் வரையில் ஆந்திரம் அதற்கு மின்சாரம் கொடுத்துவந்தது. அந்த வகையில் அசல் 3,441 கோடி ரூபாய் பாக்கி. அதற்குத் தாமதக் கட்டணம் 3,315 கோடி. சில்லறை நீங்கலாக ஆகமொத்தம் 6,756 கோடி ரூபாயை 30 நாளில் கொடுக்கவேண்டும் என்று 2022 ஆகஸ்டு 29-ஆம் தேதி மத்திய மின்சார அமைச்சகம் உத்தரவு போட்டது. வட்டிக்குட்டி வளர்ந்து தாயின் தோளுயரத்துக்கு வந்துவிட்ட அழகைப் பாருங்கள்! “நாங்கள் கொடுப்பதாவது, அவர்கள்தான் எங்களுக்கு இதைவிட அதிகமாகத் தரவேண்டும்” என்று மறு பக்கத்தார் எதிர்க்கணக்கு வைத்தார்கள். ஹைதராபாத் என்கிற ஒரே கூடத்தைப் பத்து வருஷம் பொதுவில் வைத்துக்கொள்வதென்று ஒப்பந்தம் செய்துகொண்ட இரண்டு குடித்தனக்காரர்கள், இரண்டு பக்கமும் தெலுங்கே பேசுகிறவர்கள், அவர்களுக்கே கரண்ட் பில்லில்தான் முட்டிக்கொண்டது என்றால், பைராகிப்பட்டெடவில் குடியிருந்த நாங்கள் எம்மாத்திரம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் நேரிலேயே சித்தூருக்கு வந்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற வியாஜம். பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு கொடுத்து நமஸ்காரம் பண்ணிவிட்டு, காபி குடித்துவிட்டு, அதே தட்டின் ஓரத்தில் காலண்டர்த் தாளையும் எடுத்து வைத்தார். நாங்கள் மறுபடியும் முதல் யூனிட்டிலிருந்து ஆரம்பித்தோம். சமையலறையிலிருந்து அரைமணி நேரம் இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“என்னங்க, இதோ பதினோரு கிலோமீட்டர்ல காணிப்பாக்கம் இருக்கு. ரெண்டு பேரும் போய்ப் பிள்ளையார் முன்னாடி சத்தியம் பண்ணிட்டு வந்துடுங்களேன்.”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் சீமையில் அந்த ஊரின் பெயரை வேடிக்கைக்குச் சொல்ல முடியாது. காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் சத்தியத்துக்கு அதிபதி. நில வழக்கானாலும் கடன் வழக்கானாலும், திருக்குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்துணியோடு அவர் சந்நிதியில் பிரமாணம் செய்துவிட்டால் அதற்குமேல் அப்பீல் இல்லை. பொய்ப் பிரமாணம் செய்தவன் கதி என்ன ஆகும் என்பதற்கு ஊருக்கு ஊர் கதை உண்டு.

மாஸ்டருக்கு முகம் மலர்ந்தது. எனக்கு மலரவில்லை. அதற்குக் காரணத்தை வாசகர்களிடம் மறைப்பானேன்? மே மாதம் ஒரு சனிக்கிழமை, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்கிற பதைப்பில் நான் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்தேன். மாஸ்டரும் அந்த வாரம் மதனப்பள்ளிக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை நான் நேரே ஆபீசுக்குப் போய்விட்டு, சாயங்காலம் என் அறைக் கதவைத் திறந்தபோது, மார்கழி மாதத்துத் திருமலைபோல் உள்ளேயிருந்து குளிர் வந்து முகத்தில் அடித்தது. கத்திரி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்த இரண்டு நாளும், என் ஏ.சி. ஒரு கட்டிலுக்கும் ஒரு தலையணைக்கும் தனியாகச் சேவை செய்துகொண்டிருந்திருக்கிறது! இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுக்க வழியில்லாமல் காணிப்பாக்கத்துக்குப் புறப்பட்டேன். பஸ்ஸிலே மாஸ்டர் ஜன்னலோரம், நான் பக்கத்தில். டிக்கெட் நான் எடுத்தேன், அவர் தடுக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயிலை நோக்கி நடந்தபோது, பக்கத்தில் ஓடுகிற பாஹுதா நதியின் கதை என் ஞாபகத்துக்கு வந்தது. சங்கன், லிகிதன் என்று இரண்டு சகோதரர்கள். பசி தாங்காமல் தம்பி ஒரு மாம்பழத்தைப் பறித்துத் தின்றுவிட, நியாயஸ்தனான தமையன் அதை ராஜாவிடம் போய்ச் சொல்ல, ராஜா தம்பியின் கைகளை வெட்டிவிட்டானாம். இந்த ஆற்றில் முழுகியதும் கைகள் முளைத்தனவாம். கைகள் முளைத்த பிறகு அந்தச் சகோதரர்கள் ஒரே வீட்டில் குடியிருந்தார்களா என்பதைப் புராணம் சொல்லவில்லை.

குளக்கரையில் நின்றோம். ஒரு கிழவர் முழுக்குப் போட்டு எழுந்து, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

“நீங்க பெரியவங்க. நீங்க முதல்ல இறங்குங்க அண்ணா” என்றார் மாஸ்டர்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். படிக்கட்டைப் பார்த்தேன். பிறகு, ஐந்நூறு ரூபாய்க்காகப் பிள்ளையாரைத் தொந்தரவு செய்வது அபசாரம் என்றும், கல்யாண மாப்பிள்ளை இந்த மாதிரிப் பிரமாணமெல்லாம் செய்வது குடும்பத்துக்கு நல்லதன்று என்றும், ஆகவே 503 ரூபாயையும், தாமதக் கட்டணத்தோடு, நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றும் ஒரு சிறு பிரசங்கம் செய்தேன்.

மாஸ்டர் வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, நான் பேசி முடிப்பதற்கு முன்பே, “சரி அண்ணா, அப்ப அந்த காஸ் 217-ஐ நான் விட்டுடறேன்” என்றார். ஒரு காசுகூட விட்டறியாத மனிதர் அத்தனை அவசரமாக விட்டுக்கொடுத்ததையும், குளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பாமல் விறுவிறுவென்று கோபுரத்தைப் பார்த்து நடந்ததையும் கண்டபோது, அந்தக் கீஸரைப் பற்றி எனக்கு ஒரு சம்சயம் தட்டிற்று. கேட்கவில்லை. உலர்ந்த வேஷ்டிகளோடேயே தரிசனம் செய்துவிட்டு, ஆளுக்கொரு பொட்டலம் புளியோதரை வாங்கி மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அவ்வருஷம் அக்டோபரில், மத்திய அமைச்சகத்தின் அந்த 6,756 கோடி உத்தரவைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. மாஸ்டரின் முன்னுதாரணம் விழுந்துவிட்டபடியால், பத்து ரூபாய் தாமதக் கட்டணத்தையாவது திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவருக்குக் கல்யாணமாகிவிட்டது. அந்தப் பத்து ரூபாயை மொய்யில் சேர்த்துக்கொண்டேன்.

அந்த மின் இணைப்போடு பதிவான போன் நம்பர் மட்டும் என்னுடையது. அதை மாற்றுவதற்கு வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை, எனக்கும் மனம் வரவில்லை. ஆகவே இன்றைக்கும், மாதம் பிறந்தால், அந்த வீட்டின் கரண்ட் பில் செய்தி சித்தூரில் என் சட்டைப் பையில் வந்து மணி அடிக்கிறது. புதிதாகக் குடிவந்திருப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. போன மாதம் 412 யூனிட். ஏ.சி.யை அணைக்காமல் யாரோ ஊருக்குப் போயிருக்கிறார்கள்.