கேமராத் திணை விளக்கம்: பட்டாசு மண்டல உரை

உலகத்துக் கேமராக்கள் எண்ணிறந்தன. ஆயினும் விருதுநகர் மாவட்டத்து எல்லைக்குள் அவை இரு திணையுள் அடங்கும்: கண்ணாடி உடையன, கண்ணாடி இல்லன. உடையன எஸ்.எல்.ஆர். என்க. லென்ஸ் வழியே வரும் ஒளியைச் சாய்ந்த கண்ணாடி மேலே திருப்பிவிட, லென்ஸ் காண்பதையே நம் கண்ணும் காணும். இல்லன ரேஞ்ச்ஃபைண்டர். பக்கத்தில் தனியே ஒரு சன்னல் வைத்து, அதில் தெரியும் இரட்டை உருவம் ஒன்றாகும் வரை வளையத்தைத் திருகச் சொல்லும். செல்பேசியை மூன்றாம் திணையாகக் கொள்ள வேண்டும் என்பாரும் உளர். அது எல்லார் கையிலும் புகுந்துவிட்டபடியால் அதை வகையில் சேர்க்காமல் வானிலையில் சேர்த்துவிட்டோம்.

டிஜிட்டல் பிறவியில் கண்ணாடித் திணையே மூத்தது. நிக்கான் டி1 வந்தது 1999. ரேஞ்ச்ஃபைண்டர் குலத்தின் முதல் டிஜிட்டல் பிள்ளை எப்சன் ஆர்-டி1, 2004. ஃபிலிமே இல்லாதபோதும் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நெம்புகோலை இழுக்க வேண்டும் என்ற ஆசாரத்தை அது விடவில்லை. குலத்தலைமை லைக்காவுடையது, அவர்கள் எம்8-ஐக் கொண்டுவர 2006 ஆனது.

சிவகாசிக்கும் கேமராவுக்கும் என்ன உறவு எனின், மருந்து வழிச் சொந்தம். 1887-இல் ஜெர்மனியில் மீதே, கேடிக்கே என்ற இருவர் மெக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து ஃப்ளாஷ் தூள் செய்தனர். அந்தக் குளோரேட்தான் தீக்குச்சியின் தலையிலும் இருப்பது. 1923-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்களே, அன்றே சம்பந்தம் முடிந்துவிட்டது. சீர்வரிசை மட்டும் இன்னும் வரவில்லை.

இனி அளவைகள். முதலாவது ஒலி. ரேஞ்ச்ஃபைண்டரின் ஷட்டர் மெல்லப் பேசும் என்பது அதன் பக்தர்கள் தவறாமல் சொல்லும் பெருமை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபெல் வரை போகலாம் என்று அரசே பட்டாசுக்கு வரம்பு வகுத்த நாட்டில், அந்த வரம்புக்கான சரக்கைச் செய்யும் ஊரில், இந்தப் பெருமையை யாரிடம் சொல்வது? இவ்வளவை தள்ளுபடி.

இரண்டாவது வானம். ராக்கெட் மேலே போய் விரிவதை எடுக்க ஷட்டரைப் பல்ப் நிலையில் சில நொடி திறந்து வைக்க வேண்டும். எஸ்.எல்.ஆரில் ஷட்டர் திறக்கும்போதே கண்ணாடி மேலேறி வழியை மறைத்துக்கொள்ளும். நாலு நொடி திறந்தால் நாலு நொடியும் கண் இருட்டு. சன்னல்காரருக்கு அந்தத் துன்பம் இல்லை. பூ விரிந்து உதிரும் வரை பார்த்திருந்து, போதும் என்னும்போது மூடலாம். லைக்கா லென்ஸின் வளையம் முடிவிலியில் டக்கென்று நின்றும்விடும். ஆட்டோஃபோகஸ் லென்ஸோ கரிய வானத்தில் பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். ஈண்டு ஒரு தடை எழும்: கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிட்டு, வெறுங்கண்ணால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதானே? தடை நியாயமானதே. ஆதலின் ரேஞ்ச்ஃபைண்டர் பெற்ற மதிப்பெண்ணில் பாதி குறைக்கப்பட்டது. எஃப்8, ஐஎஸ்ஓ 100 என்று வைக்காவிட்டால் ஸ்ட்ரோன்சியத்தின் சிவப்பும் செம்பின் நீலமும் வெளுத்துப்போகும். இதில் இரு திணைக்கும் ஒரே விதி.

மூன்றாவது அளவை தீப்பெட்டி. வழக்கு உண்மையில் முடிவது இங்கேதான். வானத்தில் எரிவதை ஊர் இலவசமாகப் பார்க்கும். காசு வருவது லேபிளிலும் காலண்டரிலும் விலைப்பட்டியலிலும். லைக்கா எம் லென்ஸ்கள் பெரும்பாலும் 70 சென்டிமீட்டருக்குக் கிட்டே வரமாட்டா. அந்தத் தொலைவில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டால் ஃபுல் ஃபிரேமின் அகலத்தில் சுமார் 40 சென்டிமீட்டர் இடம் அடங்கும். ஐந்து சென்டிமீட்டர் தீப்பெட்டி நடுவே அனாதையாகக் கிடக்கும். போதாக்குறைக்குச் சன்னல் ஓரிடம், லென்ஸ் வேறிடம் ஆதலால் இடமாறு தோற்றப்பிழை வேறு. எஸ்.எல்.ஆரில் 105 மி.மீ. மைக்ரோ லென்ஸைப் பூட்டினால் தீப்பெட்டி முழுதாகக்கூட அடங்காது. மருந்துப் பட்டையின் சொரசொரப்பு வரை தெரியும். தூரத்திலும் இதே கதைதான். சன்னலின் சட்டக்கோடு 135 மி.மீட்டரோடு நின்றுவிடும். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரின் உச்சியை எட்டிப் பிடிக்க வேண்டுமானால் 70-200 லென்ஸ் தேவை. அது கண்ணாடித் திணையின் சொத்து.

நான்காவது மாப்பிள்ளை கோட். எம்8-இன் சென்சார் அகச்சிவப்பைச் சரியாகத் தடுக்கவில்லை. செயற்கை இழையில் நெய்த கறுப்புத் துணி படத்தில் கத்தரிப்பூ நிறமாகிவிடும். லைக்கா வாங்கியவர்களுக்கெல்லாம் இலவசமாக ஃபில்டர் கொடுத்துச் சமாதானம் செய்தது. முகூர்த்தத்தில் பட்டு வேட்டி, ரிசப்ஷனில் கறுப்பு கோட் என்பது நம் வழக்கம். அந்த ஃபில்டரை மாட்ட மறந்த போட்டோகிராபர் ஆல்பத்தைக் கொடுக்கும் நாளில் வெளியூர் போயிருப்பது நலம்.

விலை இறுதி அளவை. 2003-இல் கேனன் 300டி-யின் பாடி 899 டாலர். எம்8 வந்தபோது 4,795 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில், சுங்கம் சேர்க்காமலே இரண்டு லட்சத்தைத் தாண்டும். லென்ஸுக்குத் தனி. 1954-இல் எம்3-க்குச் செய்த லென்ஸ் இன்றைய எம் பாடியிலும் பெரும்பாலும் பொருந்துமே என்று அவர்கள் வாதாடுவர். நிக்கானின் எஃப் மவுண்ட்டும் 1959 முதல் இருக்கிறது என்பது மறுமொழி. பழைய லைக்கா விலை சட்டென இறங்காது, பழைய 300டி-யை வாங்க ஆளில்லை என்பது மெய். ஆனால் ஸ்டூடியோக்காரர் கணக்கு மறுவிற்பனையில் இல்லை; எத்தனை முகூர்த்தத்தில் போட்ட காசு திரும்பும் என்பதில் இருக்கிறது. அக்கணக்கில் கண்ணாடித் திணை ஒரு வைகாசி தாண்டுமுன் கடனை அடைக்கும்.

இவ்விரு திணையையும் கலைத்து, கண்ணாடியும் இன்றிச் சன்னலும் இன்றி மிரர்லெஸ் என்றொரு கலப்பினம் வந்துள்ளது. கண்ணாடி இல்லாததால் ரேஞ்ச்ஃபைண்டர்காரர் அதைத் தம் பங்காளி என்பர். லென்ஸ் காண்பதையே காட்டுவதால் எஸ்.எல்.ஆர்.காரர் தம் வாரிசு என்பர். வழக்கு நிலுவையில்.

உடையவர் வகை மூன்று. எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர் தொழிலர். ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருப்பவர் ரசிகர். வேறு தொழில் உடையவர் என்று கொள்க. இரண்டையும் வைத்திருப்பவரை எதில் சேர்ப்பது என்பது இவ்வுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வருமான வரித்துறை ஆராயத் தக்கது.