பாலை நிறுத்தியாச்சு, கிட்டாரை இறக்கியாச்சு

இந்த வாரக் கடிதக் கட்டில் பாதி அடுப்படி, பாதி ஆறு கம்பி. முண்டியம்பாக்கத்திலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்தவை. ஆரம்பிக்கலாமா?

முண்டியம்பாக்கம் வாசகர்: மாமா, என் மகன் வீகன் ஆகிவிட்டான். நாங்கள் பரம்பரைச் சைவம். இரண்டும் ஒன்றுதானே?

நெய் மிதக்கும் பொங்கலை அவன் முன்னால் வையுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். பால், தயிர், மோர், நெய், தேன் எல்லாமே அவனுக்கு விலக்கு. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் கூட்டாளிகளும் பாலையும் விட்டால்தான் முழுச் சைவம் என்று தனிச் சங்கம் வைத்தார்கள். உங்கள் வீட்டுச் சாம்பார், புளிக்குழம்பு, கீரைக் கடைசல், பொரியல் எதற்கும் தடையில்லை. தாளிப்பில் நெய்க்குப் பதில் நல்லெண்ணெய், அவ்வளவே. முக்கால்வாசி ஏற்கெனவே உங்கள் அடுப்பில் வேகிறது. மீதிக் கால்வாசிக்குத்தான் பஞ்சாயத்து.

விக்கிரவாண்டி வாசகி: வெள்ளைச் சர்க்கரையில் மாட்டெலும்பு இருக்கிறது என்று மகள் டப்பாவையே ஒளித்துவிட்டாள். உண்மையா?

மகள் படித்தது அமெரிக்க விவகாரம். அங்கே சில ஆலைகளில் சர்க்கரைப் பாகை எலும்புக்கரி வழியாக வடிப்பார்கள், நிறம் போவதற்காக. இந்திய ஆலைகளில் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு போவதைத் தினமும் பார்க்கிறவர்கள் நீங்கள். அதில் மாடு சம்பந்தப்பட்டிருந்தால், அது வண்டி இழுத்த மாடாகத்தான் இருக்கும். டப்பாவை மீட்டெடுங்கள்.

விழுப்புரம் வாசகி: என் வீட்டுக்காரர் தை முதல் தேதியிலிருந்து வீகன். மாமியாருக்கு ஒரு சமையல், இவருக்கு ஒரு சமையல். இடுப்பு ஒடிகிறது.

கொள்கை அவருடையது, கரண்டி உங்களுடையதா? இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் தட்டில் வையுங்கள். ஐயா, தேங்காய் துருவவும் கடலை உரிக்கவும் தெரியாதவருக்கு வீகன் பட்டம் செல்லாது. காலை அரை மணி நேரம் அடுப்படிக்கு வாருங்கள். உயிர்களிடம் காட்டும் கருணையை முதலில் பக்கத்தில் நிற்கும் உயிரிடம் காட்டுங்கள்.

திருவாமாத்தூர் வாசகி: வீட்டில் இரண்டு கறவை மாடு. பால் சொசைட்டிப் பணத்தில்தான் மகனைப் படிக்க வைத்தேன். வந்த மருமகள் பால் குடிப்பது பாவம் என்கிறாள். மனசு வலிக்கிறது தம்பி.

அம்மா, கொம்பில்லாத பசுக்கள் சிவனை வேண்டித் தற்காப்புக்குக் கொம்பு வாங்கியதாகத் தலபுராணம் சொல்லும் ஊர் உங்களுடையது. அங்கே பசுவுக்காக ஒரு பெண் பேசுவது புதுசில்லை. அவள் தட்டில் என்ன விழ வேண்டும் என்பது அவள் உரிமை. ஆனால் விடியற்காலை நாலரை மணிக்குச் சாணி அள்ளி, தீவனம் கலந்து, மடி கழுவிய கைகளைப் பார்த்துப் பாவம் என்ற சொல்லை அவள் எடுக்கக் கூடாது. அந்தக் கைகள்தான் அவளுக்குப் படித்த புருஷனைக் கொடுத்தன. இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அப்புறம் அவளைத் தொழுவத்துக்குக் கூட்டிப் போய்ப் புல்லுக்கட்டைக் கையில் கொடுங்கள். மாட்டின் மேல் பிரியம் உள்ள இரண்டு பேர் ஒரே வீட்டில் எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருக்க முடியும்?

திண்டிவனம் வாசகர்: எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். கடைசிச் சோற்றுக்குத் தயிர் இல்லாமல் கை கழுவ மனசு வரவில்லை. வழி?

வழியை உங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்கள்! திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 வேர்க்கடலை 1940இல் வந்தது, குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து பொறுக்கி எடுத்த ரகம். வீகன் என்ற பெயரே பிறக்க இன்னும் நாலு வருஷம் இருந்தது.

ஒரு டம்ளர் பச்சைக் கடலையை ராத்திரி ஊற வைத்துத் தோலைக் கசக்கி எடுங்கள். மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு மிக்ஸியில் நைசாக அரைத்து, வெள்ளைத் துணியில் பிழியுங்கள். அந்தப் பாலைச் சிறு தீயில் கைவிடாமல் கிண்டிக் காய்ச்சுங்கள். கொஞ்சம் அசந்தாலும் அடிபிடித்து வீடு முழுக்கத் தெரிந்துவிடும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கழுவிய பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டைப் போட்டு மூடி வையுங்கள். காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்தான் உறை. நம் வெயிலுக்கு எட்டு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். முதல் தோய்ச்சல் கொஞ்சம் நீர்த்திருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால் கெட்டிப்படும். கடலை வாசம் லேசாக இருக்கும். கடுகும் இஞ்சியும் தாளித்தால் அதுவும் அடங்கும். பக்கத்தில் நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் மாட்டை மறந்துவிடுவீர்கள்.

கூட்டேரிப்பட்டு வாசகி: ஃப்ரிட்ஜ் இருக்கும்போது எந்தக் காயும் எப்போதும் கிடைக்கிறது. அந்தந்தப் பருவத்துக் காய் என்று எதற்கு அலட்டல்?

தை மாசத்து மொச்சையை ஆனியில் தேடிப் பாருங்கள், விலை பதில் சொல்லும். பொங்கலை ஒட்டிச் சந்தைக்குப் போனால் மொச்சை, பரங்கி, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு எல்லாம் குவிந்து கிடக்கும். அந்த நாலும் சேர்ந்த பொங்கல் குழம்புக்குப் பாலும் வேண்டாம், பனீரும் வேண்டாம். சித்திரையில் மாங்காயும் வேப்பம்பூவும். பண்ருட்டிப் பலா வந்திறங்கும் நாட்களில் சுளை பிள்ளைகளுக்கு, கொட்டை குழம்புக்கு. நிலம் தானாகக் கொடுப்பதைத் தின்றால் பர்ஸ் மெலியாது, ஆள் மட்டும் மெலியலாம்.

மரக்காணம் சாலை வாசகர்: தர்பூசணி சாப்பிட்டால் தோல் மலை மாதிரி சேர்கிறது. மாடும் இல்லை. என்ன செய்ய?

கோடையில் அந்தச் சாலை நெடுக அடுக்கி வைத்து விற்கிறார்கள், நீங்கள் பாதிப் பழத்தைக் குப்பையில் போடுகிறீர்கள். பச்சைத் தோலை மட்டும் சீவி எறியுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைப் பொடியாக அரிந்து, வெந்த பாசிப்பருப்பில் போட்டு, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றினால் கூட்டு. சுரைக்காய் என்று சொல்லிப் பரிமாறுங்கள். வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

செஞ்சி வாசகர்: ஆடிக் கூழ் வீகனா?

கேழ்வரகு மாவும் நொய்யும் மட்டும் இருக்கும்வரை ஆம். மோர் கலக்கும் முன் உங்கள் சொம்பை நீட்டுங்கள். மோர் மிளகாயும் மோரில் ஊறியதுதான், ஏமாறாதீர்கள். சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரைப் பொரியலும் உங்களுக்கு. கருவாட்டுக் குழம்பு வாளி உங்களைத் தாண்டிப் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பால் இல்லாவிட்டால் எலும்புக்கு என்ன கதி என்று பயப்படுகிறவர்கள் கேளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதே அளவு பசும்பாலில் 120 அளவுக்குத்தான். தானியத்துக் கால்சியம் முழுசாக உடம்பில் சேராது. அதனால் ஆடிக்கு ஒரு நாள் போதாது, அடிக்கடி வேண்டும்.

நரசிங்கனூர் வாசகர்: பதநீர் வீகன் கணக்கில் சேருமா மாமா?

மரத்துச் சாறு, சந்தேகமென்ன? கலயத்தில் தடவிய சுண்ணாம்புதான் அதைப் புளிக்காமல் காக்கிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது கள். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987இலிருந்து தடை. காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுகிறவர் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார் என்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் குடியுங்கள், சந்தேகத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

புதுச்சேரி வாசகி: பாதாம் பால், ஓட்ஸ் பால் டப்பா விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது.

மயங்கும் முன் தேங்காய் ஒன்று உடையுங்கள். ஆப்பத்துக்கும் சொதிக்கும் நம் ஆட்கள் என்றைக்கு டப்பா வாங்கினார்கள்? அப்படியும் டப்பாதான் என்றால், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் விதியாக்கிய வீகன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். காபிக்குச் சந்தேகமே வேண்டாம்: சுக்கு தட்டிப் போட்ட கருப்பட்டிக் காபி.

மயிலம் வாசகர்: ஒரு வருஷமாக வீகன். ரொம்ப லேசாக இருக்கிறது. ஆனால் பாதம் மட்டும் மரத்துப் போகிறது.

இதில் எனக்கு விளையாட்டு இல்லை. செடி கொடியில் நம்பத் தகுந்த அளவில் வைட்டமின் பி12 கிடையாது. கீரையில் இல்லை, இட்லி மாவில் இல்லை, கடலைத் தயிரில் இல்லை. கல்லீரலில் சேர்த்து வைத்தது சில வருஷம் ஓடும். ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களுக்குச் சீக்கிரம் தீரும். அப்புறம் நரம்பு முறையிடும். நீரிழிவாகவும் இருக்கலாம், கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2010 முதல் முண்டியம்பாக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரத்தம் கொடுத்துப் பரிசோதியுங்கள், டாக்டர் சொல்கிற மாத்திரையோ ஊசியோ எடுங்கள். வீகன் ஆகிற எல்லோரும் முதல் மாசமே பி12க்கு ஏற்பாடு செய்யுங்கள். இந்தக் கடிதத்துக்கு மட்டும் பதிலைப் படித்து முடித்ததும் கிளம்ப வேண்டும்.

விழுப்புரம் ரயில்வே காலனி வாசகர்: கல்லூரியில் வாசித்த கிட்டார் இருபது வருஷமாகப் பரணில். இறக்கலாமா?

இறக்குங்கள், ஆனால் கம்பியை உடனே முறுக்காதீர்கள். முழுச் சுருதியில் ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோ அளவுக்கு இழுக்கும். அக்னி நட்சத்திரத்தில் ஓட்டுக்கடியில் கிடந்த பசை இளகியிருக்கலாம். கம்பி கட்டும் கட்டை பலகையை விட்டு எழும்பியிருக்கிறதா, ஒரு காகிதத்தை அடியில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பழுது பார்க்கிறவரிடம் கொடுங்கள். நுழையாவிட்டால் துருப்பிடித்த கம்பியை மாற்றி, ஒரு நாள் பாதிச் சுருதியில் விட்டு, மறுநாள் முழுசாக ஏற்றுங்கள். இருபது வருஷம் காத்திருந்ததற்கு ஒரு நாள் பெரிசா?

அதே வாசகரின் மனைவி: விரல் வலிக்கிறது என்று இவர் பாத்திரம் தேய்க்க மறுக்கிறார்.

இடக்கை விரல் நுனியில் தோல் தடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், வலி நிஜம். வலக்கை சும்மாதானே இருக்கிறது? தேய்க்கட்டும்.

வானூர் வாசகி: வீகனாக இருந்துகொண்டு கிட்டார் வாசிக்கலாமா? அதில் எலும்பு இருக்கிறதாமே!

இந்த வாரத்தின் சிறந்த கேள்வி. விலை உயர்ந்த கிட்டாரில் கம்பி தாங்கும் வெள்ளைப் பட்டை எலும்பாக இருக்கும், ஒட்டுவதற்குத் தோல் பசை, அழகுக்குச் சிப்பி. மலிவான கிட்டாரில் எல்லாமே பிளாஸ்டிக், ரசாயனப் பசை. ஆக, காசு குறைந்தால் கருணை கூடுகிறது!

அந்தக் காலத்தில் கிளாசிக்கல் கிட்டார் கம்பியே ஆட்டுக்குடல்தான். இரண்டாம் உலகப் போரில் குடல் நூல் அறுவைத் தையலுக்குப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் கம்பி செய்தார். ஆந்த்ரேஸ் செகோவியா அதை மேடையில் ஏற்றினார். வீகன் சங்கமும் நைலான் கம்பியும் ஒரே பத்தாண்டுப் பிள்ளைகள். நைலான் விரலையும் அவ்வளவாக அறுக்காது, தாராளமாக வாசியுங்கள்.

திண்டிவனம் வாசகர்: வயசு 47. முதல் பாட்டாக ‘இளைய நிலா’ வாசிக்க ஆசை.

ஆசைக்குக் கும்பிடு. 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்காக ஆர். சந்திரசேகர் விரலில் பிறந்த அந்த நடை, கேட்கத்தான் சுலபம். அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் மூன்று கார்ட்டில் அடங்குகிற பாட்டு ஒன்று எடுங்கள். ஒரு கார்ட்டிலிருந்து அடுத்ததுக்குத் தாளம் நிற்காமல் கை மாறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். வேகம் வேண்டாம்.

இளையராஜாவே சென்னைக்கு வந்த பிறகுதான் தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து முறையாகப் படித்தார். லண்டன் டிரினிட்டி தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் அப்புறம்தான். ராஜாவுக்கே பாடம் தேவைப்பட்டது. உங்களுக்குக் குறுக்கு வழி கேட்கிறீர்களே!

முண்டியம்பாக்கம் வாசகி: மகன் ராத்திரி பத்து மணிக்குக் கிட்டார் எடுக்கிறான். பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.

ரயில் ஓசையிலேயே தூங்கிப் பழகிய ஊர், கிட்டாருக்கா விழிக்கிறது? விழித்தது கிட்டாரால் இல்லை, ஒரே இடத்தில் தப்பாக நிற்கும் அந்த எஃப் கார்ட்டால். அதைப் பகலில் பழகச் சொல்லுங்கள். ராத்திரிக்குத் தெரிந்த பாட்டு மட்டும்.

விக்கிரவாண்டி வாசகி: மூன்று வேளைச் சமையல், இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூட வேலை. பழைய கிட்டாருக்கு நேரம் எங்கே மாமா?

துவரம்பருப்புக்கு உங்கள் குக்கர் எத்தனை விசில்? நாலா? ஏற்றியதும் கிட்டாரை மடியில் வையுங்கள். முதல் விசில் வரை ஈ மைனர், இரண்டாவது வரை ஜி, மூன்றாவது வரை சி. நாலாவதில் மூன்றையும் சேர்த்து ஒரு சுற்று. அடுப்பை அணைக்கச் சொல்லி வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், நீங்கள் எழுந்திருக்காதீர்கள்.