காஞ்சிபுரத்துக் கார்களில் கறுப்பு டேப்: தொன்மையும் பயனும்

ஆய்வின் தேவை

காஞ்சிபுரத்தின் கோயில்களைப் பற்றி நூல்கள் உண்டு. பட்டைப் பற்றி ஆய்வேடுகள் உண்டு. டிஎன் 21 என்று தொடங்கும் எண்பலகையொன்று பம்பரை விட்டு விழாமல் இருப்பது எதனால் என்று மட்டும் எந்த அறிஞரும் கேட்டதில்லை. இதே மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் பிறக்கின்றன. பிறப்பைப் பற்றித் தொழில்துறை அறிக்கைகள் பேசும். வயதான காலத்தில் அவற்றைக் கட்டிக் காப்பவர் யார், எதைக்கொண்டு காக்கிறார் என்பதே நம் வினா. ஆய்வெல்லை, வெள்ளைகேட் முதல் ஓரிக்கை வரையுள்ள பட்டறைகள். ஆய்வுப்பொருள், இன்சுலேஷன் டேப். அதன் சுற்றம், கட்டுக்கம்பி, சைக்கிள் டியூப், குளிக்கிற சோப்பு, மஞ்சள்தூள்.

தொன்மை

வாகனத்தைக் கட்டி ஓட்டும் மரபு இவ்வூருக்குப் புதிதன்று. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் ஏறிவரும் கருட வாகனம், தோளில் சுமக்கும் தண்டுகளோடு கயிற்றால் இறுகக் கட்டப்பட்டே வாசல் தாண்டுகிறது. கடவுளின் வண்டிக்கே கயிறு போதுமானால் கணக்குப்பிள்ளையின் வண்டிக்கு ஏன் போதாது என்பது பட்டறையார் கட்சி.

மேலைநாட்டுச் சான்றும் இதற்கு அரணாகும். 1925இல் 3எம் நிறுவனத்து ரிச்சர்ட் ட்ரூ மாஸ்கிங் டேப்பைச் செய்ததே, காருக்கு இரட்டை வண்ணம் அடிப்பவர்கள் கோடு கலங்காமல் அடிப்பதற்காகத்தான். ஆக, டேப்புக்குப் பிறந்தகமே கார்ப் பட்டறை. 1972 டிசம்பரில் அப்போலோ 17இல் நிலவுக்குப் போன யூஜின் செர்னன், சுத்தியல் இடித்து நிலவு வண்டியின் மட்கார்டை உடைத்துவிட்டார். முதலில் டேப்பால் ஒட்டிப் பார்த்தார். தூசியில் பிடிமானமின்றிக் கொஞ்ச நேரத்தில் கழன்று போயிற்று. அடுத்த சவாரிக்கு வரைபடத் தாள் நான்கை டேப்பால் சேர்த்து ஒட்டி, கிளாம்ப் மாட்டி, மட்கார்டாக்கி ஓட்டினார்கள். அங்கே ஆர்.டி.ஓ. அலுவலகம் இல்லாதது அவர்கள் நல்லூழ். நம்மூராயின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை மாற்றியது ஏன் என்று கேட்டிருக்கும்.

பொருளியல்பு

பெட்ரோல் டேங்க் கசிந்தால் சோப்பைத் தேய்த்து அடைப்பது பழைய ஓட்டுநர் வழக்கு. சோப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது, சூத்திரம் அவ்வளவே. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள். அதிலுள்ள மாவுச்சத்து வெந்நீரில் ஊதி, கொழகொழத்து, ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். வேண்டிய துளை, வேண்டாத துளை என்ற பேதம் மஞ்சளுக்குத் தெரியாது. மெல்லிய தண்ணீர்க் குழல்களையும் சேர்த்து அடைத்துவிடும் என்பது அதன் குறை. கத்திரி வெயிலில் அம்பாசடர் திணறினால் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி. சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவியான பெட்ரோல் குளிர்ந்து மறுபடி நீர்மமாகும்; வண்டி கிளம்பும்.

செய்முறை

கிழிந்த ரேடியேட்டர் ஓஸ் ஒன்றுக்கு வைத்தியம் நடந்ததை நேரில் கண்டோம். எஞ்சின் ஆறும்வரை மெக்கானிக் டீ குடித்தார். பிறகு பனியன் வேஸ்ட்டால் ஓஸைத் துடைத்தார். எண்ணெய்ப் பசை போகவில்லை என்று இன்னொரு தரம் துடைத்தார். நிலவில் செர்னனுக்கு வாய்க்காத நிலை இது. "தம்பி, அந்த டியூப்ப நீளமா வெட்டிக் குடு" என்று பையனிடம் வாங்கினார். டியூப் பட்டையை இழுத்து இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடுமாறு சுற்றினார். அதன்மேல் டேப், அதே பாதிக்குப் பாதி கணக்கில். நுனியைப் பல்லால் கடித்து அறுத்துக் கட்டைவிரலால் நீவினார். கடைசியாக ரேடியேட்டர் மூடியை முழுக்க இறுக்காமல் விட்டார். உள்ளே அழுத்தம் சேராதிருக்க வேண்டுமாம்.

"எவ்ளோ தூரம் தாங்கும்ணே?"

"வாலாஜாபாத் போலாம் சார். சென்னைக்கு வேணாம்."

விதிகள்

பக்கத்தில் பிரேக் ஓஸ் கசிந்த வண்டியொன்று நின்றது. அதற்கு டேப் சுற்றமாட்டேன் என்று சாவியை வாங்கி மாட்டிவிட்டிருந்தார். காரணம் என்னையெனின், ரேடியேட்டரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தம். பிரேக்கை ஓங்கி மிதித்தால் அதன் குழாயில் 1,000 பவுண்டுக்கும் மேல் போகும். இதிலிருந்து தலைமை விதி பெறப்படும்: ஓடாமல் நிற்கிற கோளாறுக்கு டேப் ஆகும், நிற்காமல் ஓடுகிற கோளாறுக்கு ஆகாது. துணைவிதி: டேப் பழுதை நீக்காது, தவணை வாங்கித் தரும்.

தவணையைத் தவற விடுவது நம்மவர் வழக்கம். எண்பலகையொன்றில் டேப்பை உரித்தபோது கறுப்பின் கீழ் சிவப்பும், அதன் கீழ் பழுப்புநிறப் பார்சல் டேப்பும் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. காலக்கணிப்புக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. "அடில இருக்கிறது அத்திவரதர் வந்தப்ப ஒட்டினது சார், சாயங்காலம் வரைக்கும் நின்னா போதும்னு" என்றார் உரிமையாளர். அத்திவரதர் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்தைவிட்டு எழுந்தருளியது 2019இல். 40 ஆண்டுக்கு ஒருமுறையே வருவாராகையால் அடுத்தது 2059. டேப் அதுவரைக்கும் நிற்கும் என்பாரும் உளர்.

மறுப்பும் விடையும்

ஒட்டுப் போட்ட வண்டி மானக்கேடு என்று சொல்வோர், பிள்ளையார்பாளையத்துத் தறிகளைக் கண்டிலர். கோர்வைச் சேலையில் உடல் வேறு, கரை வேறு. மூன்று நாடா, இரண்டு ஆள். ஊடை ஊடையாகக் கோத்து இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள். முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால், உடல் பாவின் ஒவ்வோர் இழையோடும் முந்தானைப் பாவின் இழையைப் பிணைக்கிறார்கள், அது பெட்னி. விவரம் தெரிந்த அம்மாக்கள் சேலையைத் திருப்பி அந்த இணைப்பைத் தேடிப் பார்த்த பிறகே விலை பேசுகிறார்கள். ஒட்டு தெரிந்தால் சேலைக்கு விலை ஏறும், காருக்கு இறங்கும். கரை போட்ட ஊரிலேயே இப்படியோர் ஓரவஞ்சனை.

ஆதலின், 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு காஞ்சி டேப் வேலைக்கும் கிடைக்க வேண்டும் என்பது நம் துணிபு. டேப் இவ்வூரில் விளைவதில்லையே எனின், பட்டுநூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வந்தவையே. கோக்கிற கைதான் காஞ்சிக்குச் சொந்தம். சுற்றுகிற கையும் அவ்வாறே என்க.

இம்முடிவை மெக்கானிக்கிடம் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குறியீடு வரப்ப வரட்டும் சார். நீங்க மொதல்ல ஒரு புது ஓஸ் வாங்கினு வாங்க" என்றார்.